வீட்ல ஒரு ஆள் இருக்கணும்

ஜூன் 8, ஞாயிறு

இன்னைக்கும் ஒரு பெட்டி வந்துச்சு. போன மாசம் வந்ததுதான் கடைசின்னு சொன்ன மனுஷன், இதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படியேறி வர்றாரு. நான் ஒண்ணும் கேட்கல. கேட்டா, சீனாவுல எந்த ஊர்ச் சூளைன்னு ஆரம்பிச்சு, ஏலத்துல யார் யார் கை தூக்குனா, விட்டுக் குடுத்தவன் முகம் எப்படிச் சுருங்குச்சுன்னு சாயங்காலம் வரைக்கும் ஓடும். மாவாட்ட அரிசி ஊறுது, எனக்கு வேலை கிடக்கு.

என் வீட்டுக்காரர் கருணாகரன் துறைமுக ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணியா இருந்து ஓய்வானவரு. ஓய்வான மத்தவங்க தோட்டம் போட்டாங்க, கோயில் கமிட்டியில சேர்ந்தாங்க. இவருக்குப் பழைய சீனப் பீங்கான். எதைக் கையில எடுத்தாலும் முதல்ல கவிழ்த்து அடியைப் பார்ப்பாரு. அடியிலதான் முத்திரை இருக்குமாம், அசலா போலியான்னு அங்கதான் தெரியுமாம். கல்யாண விருந்துல சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் பார்த்து மானத்தை வாங்குனவரு. நல்லவேளை, என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப இந்தப் பைத்தியம் கிடையாது.

கூடத்துல மூணு கண்ணாடி அலமாரி. ஃபேன் ரெண்டுக்கு மேல சுத்தக் கூடாது, ஜாடி அதிருமாம். தாளிக்கிறப்ப அடுப்பங்கரைக் கதவைச் சாத்தணும், எண்ணெய்ப் புகை படியுமாம். வளர்த்த பூனையைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பியாச்சு. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு: வீட்ல எப்பவும் ஒரு ஆள் இருக்கணும். பின் வரிசையில ஒரு வீட்டுல திருட்டுப் போனதுல இருந்து இந்தச் சட்டம். அங்க போனது டிவி. எந்தத் திருடன் பீங்கானைத் தூக்கிட்டு ஓடுவான்? ஆனா இவர்கிட்ட யார் பேசுறது? தைப்பூசத்துக்கு நான் காலையில போவேன், அவர் சாயங்காலம் போவாரு. முருகன் எங்களை ஜோடியாப் பார்த்து வருஷக்கணக்காச்சு.

பெட்டியோட இனாமா ஒரு சின்னக் கிண்ணம் வந்துச்சு. ஓரம் கோணல். உள்ள நீலத்துல ஒரு இறால், அதுக்கு மீசை ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கு. குப்பைன்னு சொல்லி என்கிட்டத் தள்ளுனாரு. பார்க்கவே கண்றாவி. உப்பு போட்டு வைக்கலாம்.

ஜூன் 9, திங்கள்

அவர் குளிச்சு, சாமி கும்பிட்டு, பேப்பர் படிச்சு முடிச்சப்புறம்தான் நான் பாசாருக்கு மீன் வாங்கக் கிளம்ப முடிஞ்சுது. நல்ல மீனெல்லாம் போயிடுச்சு.

ஜூன் 15, ஞாயிறு

தந்தையர் தினம்னு மக ஷர்மிளா கோலாலம்பூர்ல இருந்து அப்பாவைக் கூப்பிட்டா. அவர் புதுத் தட்டைப் பத்தியே பேசிட்டு என்கிட்ட போனைக் குடுத்தாரு. பிரசவத்துக்குச் செப்டம்பர் கடைசியில தேதி குடுத்திருக்காங்களாம். ஆடி கழிஞ்சு ஆவணியில வளைகாப்பு, அதோட பினாங்கு வந்துடறேன்மான்னா.

"அம்மா, என் ரூம்லதானே?"

"வேற எங்கடி?"ன்னேன்.

சொல்லிட்டுப் போய் அந்த ரூமைத் திறந்து பார்த்தேன். திறந்து பார்த்தேன்னு சொல்றது தப்பு. கதவு பாதிதான் திறக்கும். மெத்தை சுவத்துல சாத்தியிருக்கு, முன்னாடி கூரை வரைக்கும் பெட்டி. என் பொண்ணு படிச்ச மேசை எங்க இருக்குன்னு எனக்கே தெரியல.

அவளுக்கு என்னை விட்டா ஆள் கிடையாது. மருமகன் ரூபனுக்கு அம்மா இல்ல. அவன் ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை பார்க்குறவன், நல்ல பையன், ஆனா பிள்ளைத்தாச்சிக்கு ரசம் வைக்கத் தெரியுமா? மொதப் பிரசவம். இங்க என் கண்ணு முன்னாலதான் நடக்கணும்.

சாப்பாட்டு வேளையில சொன்னேன். "ஆடி பொறக்கிறதுக்குள்ள காலி பண்ணித் தர்றேன்"னாரு. எங்க கொண்டுபோய் வைப்பீங்கன்னு கேட்டதுக்கு, சாம்பாரு கொஞ்சம் ஊத்துன்னாரு.

ஜூன் 21, சனி

நானே ஒரு வழி பண்ணிட்டேன்.

பக்கத்து வீட்டு பெக் லூய் பாபா நோன்யா வம்சம், அந்தக் காலத்துலயே இங்க வந்து குடியேறின சீனக் குடும்பம். புருஷன் போனப்புறம் தன் அம்மா வீட்டுச் சாமானை ஒவ்வொண்ணா ஏலத்துல போட்டுட்டு வர்றா. இவர் போற அதே ஏலக் கம்பெனிதான். மலாய்லதான் பேசிக்குவோம். வேலி ஓரமா நின்னு என் கஷ்டத்தைச் சொன்னேன். ஒண்ணைக் குடு, என் பேர்ல போட்டுடறேன், யாருக்கும் தெரியாதுன்னா. இது சரியா வந்தா மத்ததும் ஒவ்வொண்ணா. உள்ள இருக்கிறது போயிட்டா, காலி அட்டைப்பெட்டியை மடிச்சுப் போட ஒரு காலைப்பொழுது போதும். ஒரு தடவை ஒட்டி உள்ள வச்ச பெட்டியை அவர் மறுபடி திறந்து பார்த்தது கிடையாது. வாங்குறதுலதான் சுகம்.

அவர் முடிவெட்டிக்கப் போன நேரத்துல கதவோரம் இருந்த பெட்டியைத் திறந்தேன். எதுன்னுகூடப் பார்க்காமதான் எடுத்தேன். மூடி போட்ட ஜாடி, காம்செங்னு சொல்லுவாங்க. இலைப் பச்சை, ரெண்டு பக்கமும் பீனிக்ஸ் பறவை, நடுவுல ரோஸ் கலர்ப் பூ. மூடி மேல பிடிக்கிறதுக்குக் குட்டிச் சிங்கம். மூடியோட உள்பக்கம் சூளையில விழுந்த கரும்புள்ளி ஒண்ணு, கடுகு அளவு. நகத்தால தட்டினேன், கோயில் மணி மாதிரி நின்னு ஒலிச்சுது, கீறல் இல்ல. வேலி மேல அதை நீட்டினப்ப பெக் லூய், இது கல்யாண வீட்டுச் சாமானாச்சே, உனக்கு மனசு வருதான்னு கேட்டா. எனக்கென்ன மனசு?

எடைக்குப் பெட்டியில ரெண்டு பாக்கெட் கல்லுப்பு வச்சு, பேப்பரைத் திணிச்சு, ஒட்டிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

இறால் கிண்ணத்துல உப்பு போட்டா ஈரம் கோத்துக்குது. கழுவி சாமி அலமாரியில வச்சிட்டேன். அங்கதான் இடம் இருந்துச்சு.

ஜூலை 17, வியாழன்

ஆடி பொறந்துடுச்சு. ஒரு பெட்டிகூட நகரல.

ஜூலை 20, ஞாயிறு

காலையில "புனிதா, புனிதா"ன்னு கத்திக்கிட்டு அடுப்பங்கரைக்கே வந்துட்டாரு. தோசை கருகிடுச்சு. கையில ஏலப் படப் புத்தகம். விரிச்சு என் மூக்குக்கிட்ட நீட்டுறாரு.

அந்த ஜாடி. பச்சை ஜாடி.

மாட்டிக்கிட்டோம்னு நினைச்சேன். ஆனா மனுஷன் முகத்துல அப்படி ஒரு பூரிப்பு. சீனாக்காரங்க இதையெல்லாம் ஜோடியாத்தான் செய்வாங்களாம், ஒத்தையா இருந்தா பாதி மதிப்புகூடக் கிடையாதாம். நம்மகிட்ட ஒண்ணு இருக்கே, அதோட ஜோடி இதுதான், இத்தனை வருஷமா இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்னாரு. எப்படித் தெரியும்னு மெதுவாக் கேட்டேன். பூதக்கண்ணாடியை வச்சுக் காட்டுறாரு: "மூடிக்குள்ள பாரு. நம்ம ஜாடியில எந்த இடத்துல கரும்புள்ளி இருக்கோ, அதே இடத்துல இதுலயும். ஒரே சூளை, ஒரே நாள், பக்கத்துல பக்கத்துல வச்சுச் சுட்டிருக்காங்க."

வெளியில எங்க போனாலும் பீங்கானைப் பத்தி இவரைத்தான் கேட்பாங்க. இவர் போலின்னு சொன்னா வாங்க வந்தவன் திரும்பிப் போயிடுவான்.

நான் தோசைக்கல்லைத் தேய்க்க ஆரம்பிச்சேன். சொல்லியிருக்கலாம். சொன்னா பெக் லூய் பேரும் கெடும், ரூமும் கிடைக்காது. சொல்லாம விட்டா என்ன ஆகும்னு அப்ப எனக்குத் தோணல.

ஜூலை 21, திங்கள்

பெக் லூய்கிட்டத் திரும்ப எடுத்துடச் சொன்னேன். படம் போட்டாச்சு, இனிமே எடுக்க விடமாட்டாங்களாம்.

ஆகஸ்ட் 2, சனி

இப்பெல்லாம் ஏலம் வீட்டுல இருந்தே கேட்கலாம். லேப்டாப்பை மேசையில வச்சுக்கிட்டு, துவைச்ச சட்டை போட்டுக்கிட்டு, விபூதி பூசிக்கிட்டு உட்கார்ந்தாரு. நான் கோப்பி குடுக்குற சாக்குல பின்னாடியே நின்னேன். மெயின் சுவிட்சு என் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. தட்டிவிட்டா முடிஞ்சுது.

பச்சை ஜாடி திரையில வந்தப்ப மூச்சை இழுத்துப் பிடிச்சாரு. ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. அப்புறம் இவரும் இன்னொருத்தரும் மட்டும். அந்த ஆள் ஏத்துறான், இவர் பட்டனை அமுக்குறாரு. அவன் ஏத்துறான், இவர் அமுக்குறாரு. மனுஷன் கழுத்து நரம்பெல்லாம் தெரியுது. தன் சாமானுக்குத் தானே விலை ஏத்திக்கிட்டிருக்காரு, நான் முந்தானையை வாயில வச்சுக்கிட்டு நிக்கிறேன்.

சுவிட்சை ஏன் தட்டலைன்னு இப்ப உட்கார்ந்து யோசிக்கிறேன். எதுவரைக்கும் போகும்னு பார்க்கணும்னு ஒரு சின்ன ஆசை. அவ்வளவுதான். எதிராளி விட்டுட்டுப் போனப்ப, அடச்சே, இன்னொரு தடவை கேட்டிருக்கலாமேன்னு எனக்கே தோணுச்சு.

சுத்தியல் விழுந்துச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ஷர்மிளா கொண்டுவந்த அதிர்ஷ்டம், பேரப்பிள்ளை பொறக்குற நேரம் ஜோடி சேர்ந்திடுச்சுன்னாரு. கையை உருவிக்கவும் முடியல, இறுக்கிப் பிடிக்கவும் மனசு வரல.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஜாடியை எடுத்துட்டு வந்தாரு. கூடத்து மேசையில பட்டுத்துணி விரிச்சு வச்சாரு. பக்கத்துல இன்னொண்ணுக்கு இடம் விட்டாரு. "நம்ம ஜாடியைக் கொண்டா"ன்னாரு. முட்டி வலிக்குது, நாளைக்குப் பார்த்துக்கலாம்னேன். சாப்பிட்டுட்டுப் பார்க்கலாம்னேன். ராகுகாலம்னுகூடச் சொன்னேன். அவரே போயிட்டாரு.

கதவோரத்துப் பெட்டியைக் கொண்டுவந்து தரையில வச்சு, சம்மணம் போட்டு உட்கார்ந்து டேப்பைப் பிரிச்சாரு. பேப்பரை ஒவ்வொண்ணா எடுத்து மடிச்சு வச்சாரு. உள்ள கையை விட்டாரு. கல்லுப்புப் பாக்கெட்டு வந்துச்சு. என்ன செஞ்சாருன்னு நினைக்கிறே? கவிழ்த்து அடியைப் பார்த்தாரு. பழக்கம்.

அப்புறம் மேசையில இருக்கிற ஜாடியைப் பார்த்தாரு. மூடியைத் திறந்து உள்பக்கத்துப் புள்ளியை விரலால தடவினாரு. என்னைப் பார்த்தாரு. திட்டுவாருன்னு நின்னேன். திட்டியிருந்தா நானும் ரெண்டு கேட்டிருப்பேன், ரூமைக் கேட்டிருப்பேன், மகளைக் கேட்டிருப்பேன். ஜாடியைத் தூக்கிப் பெட்டிக்குள்ள வச்சு, உப்பை என் கையில குடுத்தாரு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ரூமுக்குப் புதுப் பூட்டு. சாவி அவர் இடுப்புக் கயித்துல.

ஆகஸ்ட் 6, புதன்

வாசல் கேட்டுச் சாவியும் அங்கயே. பாசாருக்குப் போறப்ப அவரே வந்து திறந்து விடுறாரு, வந்ததும் பூட்டுறாரு. பையைத் திறந்து பார்க்கல. ஆனா கண்ணு பை மேலதான். கல்யாணம் ஆகி வந்த வீட்டுல நான் திருடி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஷர்மிளா அழுதுக்கிட்டே கூப்பிட்டா. அப்பா அவகிட்டத் தனியாப் பேசியிருக்காரு. வீடு வசதிப்படாது, அங்க நல்ல ஆஸ்பத்திரி இருக்கு, அங்கேயே வச்சுக்கோ, அம்மாவுக்கும் உடம்பு முன்ன மாதிரி இல்லன்னு சொன்னாராம். எனக்கு என்ன உடம்புக்கு? ரெண்டு மூட்டை அரிசி தூக்குவேன்.

"அம்மா, நான் வரவேண்டாமா?"ன்னு கேட்டா.

பெத்த பொண்ணு மொதப் பிரசவத்துக்கு வரவான்னு கேட்குறா, வாடின்னு சொல்ல எனக்கு ஒரு கட்டில் அளவு இடம் கிடையாது. போனை வச்சிட்டு அவர்கிட்டப் போய்ச் சண்டை போட்டேன். நெஞ்சு வலிக்கிற வரைக்கும் கத்துனேன். ஃபேனை ரெண்டுல இருந்து ஒண்ணுக்குக் குறைச்சிட்டு, "எங்க கொண்டுபோய் வைக்கிறது, நீயே சொல்லு"ன்னாரு. அந்தக் குரல்ல கோபம் இல்ல. மனுஷனுக்கு உண்மையிலேயே வேற வழி தெரியல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

ஆகஸ்ட் 13, புதன்

சாமி அலமாரியைத் துடைச்சேன். கிண்ணத்தைத் தட்டிப் பார்த்தேன், சத்தம் சரியாத்தான் இருக்கு. ஃபேன் காத்துல விழுந்து கிழுந்து வச்சா? பின்னாடி தள்ளி வச்சேன்.

ஆகஸ்ட் 20, புதன்

பெக் லூய் வேலி மேல ஒரு கவரை நீட்டினா. ஜாடி வித்த காசு. வேண்டாம்னுதான் சொன்னேன். உன் புருஷன் குடுத்ததுதானே, நீயே வச்சுக்கோன்னா. அரிசி டப்பாவுக்குள்ள வச்சிருக்கேன்.

ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. எங்கள்ல ஒருத்தர்தான் போக முடியும். பொம்பளைங்க காரியம், நீ போயிட்டு வான்னாரு. திங்கக்கிழமை பஸ்ஸுக்கு வந்துடணும்னாரு.

ஆகஸ்ட் 23, சனி

பஸ்ல உட்கார்ந்து எழுதுறேன். பாலத்தைத் தாண்டியாச்சு.

காலையில கேட்டைத் திறந்து விட்டாரு. பெரிய பையா இருக்கேன்னாரு. வளையல், பலகாரம், ஷர்மிளாவுக்கு ரெண்டு புடவைன்னேன். பொய் இல்ல. அதுக்கு அடியில என் புடவை பன்னிரண்டு. கேட்டுக்கு வெளியில நின்னு திரும்பிப் பார்த்தேன், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தாரு, வெத்து உடம்போட, சாவியைப் பிடிச்சுக்கிட்டு. ஒரு நிமிஷம் பாவமா இருந்துச்சு. அப்புறம் பூட்டுற சத்தம் கேட்டுச்சு. பாவம் போயிடுச்சு.

டிக்கெட் அவர் காசுலதான்.

கிண்ணத்தைக் காட்டன் புடவைக்குள்ள சுத்தி எடுத்துட்டு வந்திருக்கேன். வழியில தண்ணி குடிக்க ஏதாவது வேணும்ல.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நேத்து வரலைன்னு இன்னைக்குக் காலையில இருந்து அஞ்சாறு தடவை கூப்பிட்டுட்டாரு. கடைசியா எடுத்தேன். பிள்ளை பொறந்து நாப்பது நாள் கழிச்சுத்தான் வருவேன்னேன். அதெப்படி, சாப்பாட்டுக்கு நான் என்ன பண்றது, அரிசி வாங்க வெளியில போகணும்னா யார் இருப்பான்னாரு.

"வீட்ல எப்பவும் ஒரு ஆள் இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? இருங்க."

சொல்லிட்டு வச்சிட்டேன். ஷர்மிளா வளையல் குலுங்கச் சிரிச்சா. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நானும் சிரிச்சேன், எத்தனையோ மாசத்துக்கப்புறம்.

செப்டம்பர் 10, புதன்

இங்க தாளிக்கிறப்ப கதவைச் சாத்த வேண்டியதில்ல. முதல் நாலு நாள் பழக்கத்துல சாத்தினேன்.

பெக் லூய் போன்ல சொன்னா: அவர் கேட்டுக்குள்ள நின்னு ரொட்டிக்காரனுக்காகக் காத்துக்கிட்டிருக்காராம். தினமும் ரொட்டிதானாம். அவ ஒரு நாள் குழம்பு குடுத்தாளாம். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் குடுக்கிறப்ப, அடியில பழைய முத்திரை இருக்கு, ஏலத்துல போடாதேன்னு சொன்னாராம்.

செப்டம்பர் 27, சனி

பொண்ணு. ரெண்டு உயிரும் பத்திரம். முருகா.

செப்டம்பர் 29, திங்கள்

தினமும் கூப்பிடுறாரு. போட்டோ அனுப்பினா இன்னும் கிட்ட எடுத்து அனுப்பச் சொல்றாரு. இன்னைக்கு இறங்கி வந்து கேட்டாரு: நீ வந்து ஒரு வாரம் வீட்ல இரு புனிதா, நான் போய்க் குழந்தையைப் பார்த்துட்டு வந்துடறேன். முடியாதுன்னேன். சரி, இன்னொரு போட்டோவாவது அனுப்புன்னாரு.

அவரை அந்தக் கம்பிக்குள்ள நிக்க வச்சிட்டு வந்தது நான்தான். எனக்கு மட்டும் சந்தோஷமாவா இருக்கு?

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில கதவைத் தட்டுற சத்தம். ரூபன் திறந்தான். இவர். தாடியோட, கசங்கின சட்டையோட, கையில ஒரு பையும் இல்லாம.

"வீட்ல யாரு?"ன்னுதான் முதல்ல கேட்டேன். வாங்கன்னுகூடச் சொல்லல. இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

"பூட்டிட்டு வந்துட்டேன்"னாரு.

கை கழுவிட்டு வந்து உட்கார்ந்தாரு. ஷர்மிளா குழந்தையை மடியில வச்சா. எந்த ஜாடியையும் அப்படி ரெண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்கி நான் பார்த்ததில்ல. முகத்தைப் பார்த்தாரு. அப்புறம் துணியை விலக்கிக் காலை மெதுவாத் தூக்கி, பாதத்தோட அடியைப் பார்த்தாரு. ஆஸ்பத்திரியில அடையாளத்துக்குப் பாதத்தை மையில ஒத்தி எடுத்திருந்தாங்க, மடிப்புக்குள்ள கொஞ்சம் நீலம் இன்னும் போகல. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தாரு.

"அசல்"னாரு.

எனக்கு அழுகை வந்துடுச்சு. ஷர்மிளாவும் அழுதா. அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டாரு. இத்தனை வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் வெளியில ஒரே இடத்துல உட்கார்ந்தது இன்னைக்குத்தான். இட்லி வச்சேன், தட்டைக் கவிழ்த்துப் பார்க்காம சாப்பிட்டாரு.

கொஞ்ச நேரத்துல கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிச்சாரு. பின் கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாளும் போட்டேனான்னு ஞாபகம் இல்லன்னாரு. பெக் லூய்க்கு போன் பண்ணிப் பார்க்கச் சொன்னோம், போட்டிருக்குன்னா. அப்பயும் நிலைகொள்ளல. குழந்தை மடியில தூங்குது, இவர் கண்ணு வாசலைப் பார்க்குது. மத்தியானப் பஸ்ஸுக்கே கிளம்பிட்டாரு. இருங்கன்னு ஷர்மிளா கையைப் பிடிச்சா. குழந்தை காலைத் தொட்டு நெத்தியில ஒத்திக்கிட்டு, என்னைப் பார்க்காமப் போயிட்டாரு. இப்படியும் ஒரு மனுஷன் உண்டா? தன் சிறைக்குத் தானே பஸ் பிடிச்சு ஓடுறாரு.

அவர் போனப்புறம் பாத்திரமெல்லாம் கழுவினேன். இறால் கிண்ணத்தைத் தனியாக் கழுவி, துடைச்சு, தட்டிப் பார்த்துட்டு, ரூம் அலமாரி மேல வச்சேன். சாயங்காலம் புழுக்கமா இருக்குன்னு ரூபன் ஃபேனை அஞ்சுல வச்சான். ரெண்டுக்கு மேல வேண்டாம்ப்பான்னு சொன்னேன். குழந்தைக்குக் காத்து ஆகாதுன்னு சொன்னேன்.